பக்கவாட்டில் போன வெளிச்சம்

மார்ச் 3

கரிக்கைக்கு,

கரி படிந்த உன் கைகளைப் பார்த்து நான் வைத்த இந்தப் பட்டப்பெயரில், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு உன்னைக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. ‘அன்புள்ள தங்கைக்கு’ என்று தொடங்கி இரண்டு தாள் எழுதினேன். அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி இருந்ததால் கிழித்துப்போட்டேன்.

நீ பாதியில் நிறுத்திவிடக்கூடும். அதனால் சொல்ல வந்ததை முதலிலேயே சுருக்கிக் கொடுத்துவிடுகிறேன்.

1. ஆய்வுக்கூடத்தில் நம் லேசர் அறையின் பழைய சாமான்களை ஒதுக்குகிறார்கள். எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று கேட்க என்னைக் கூப்பிட்டார்கள்.
2. உன் ஏழாம் எண் மாதிரி கிடைத்தது. அதை மறுபடி அளந்தேன்.
3. மாதிரியில் குறையில்லை. விசாரணை அறிக்கையில் அதைக் குறை சொன்னது என் பிழை.
4. பக்கவாட்டிலும் ஒளியை அளக்கச் சொன்னாய். நான் அளக்கவில்லை. நீ சொன்னதுதான் சரி.
5. விபத்து நடந்த அன்று மாப்பிள்ளை குனிவதற்கு முன் மேசையைத் தட்டவில்லை என்று சொன்னேன். அதில் மாற்றமில்லை.

இனி விரிவு. உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள். முதலிலிருந்து சொல்லிக்கொண்டு போனால்தான் எந்த இடத்தில் தவறினேன் என்று எனக்குப் பிடிபடுகிறது.

மருந்து அலமாரியின் கடைசித் தட்டில், துணி சுற்றிய டப்பாவில் ஒன்பது கண்ணாடிக் குப்பிகள் இருந்தன. எல்லாவற்றிலும் உன் கையெழுத்து. ஏழாம் எண்ணில் அடியில் கரி படிந்து மேலே தெளிந்திருந்தது. அறையின் புதிய பொறுப்பாளர் ஓர் அம்மாள், நல்ல பொறுமைசாலி. குப்பியை, நுண்ணதிர்வால் கலக்கும் மீயொலித் தொட்டியில் அரை மணி நேரம் வைத்தார். வெளியே எடுத்தபோது நீ கொண்டுவந்து கொடுத்த நாளில் இருந்த அதே கறுப்பு.

கரியின் ஒற்றை அணு அடுக்கை, அந்த கிராஃபீன் ஏட்டை, நீ அமிலத்தில் பதப்படுத்தி, அதன் மேல் சாய மூலக்கூறுகளை வேதிப்பிணைப்பால் சேர்த்தாய். “ஒட்டினேன்னு எழுதாதீங்கண்ணா. ஒட்டினது உரிஞ்சு வரும். தைச்சேன்னு எழுதுங்க” என்று சண்டை போட்டாய். அந்தக் கரைசல் மங்கிய ஒளியை விட்டுவிடும், கடுமையான ஒளியை மறிக்கும். உள்ளே போகும் ஒளி கூடினால் வெளியே வருவது அதே விகிதத்தில் கூடுவதில்லை. ‘நேரியலற்ற ஒளிப்பண்பு’ என்று நம் கட்டுரைத் தலைப்பில் போட்டது இதைத்தான். லேசரிலிருந்து கண்ணைக் காக்கும் கண்ணாடி செய்யலாம் என்று நீ, நான், மாப்பிள்ளை மூவரும் கனவு கண்டதும் இதை வைத்துத்தான்.

அளவெடுப்பது என் வேலை. லேசர் குவியும் புள்ளிக்கு முன்னிருந்து பின்னுக்குக் குப்பியை மெல்ல நகர்த்திக்கொண்டே, எதிர்ப்பக்கம் வந்துசேரும் ஒளியைக் குறித்துக்கொள்வேன். குவியும் இடத்தில் வரைபடம் பள்ளமாக இறங்கும். எதிர்ப்பக்கம் வந்துசேராத ஒளி முழுவதையும் மாதிரி விழுங்கிவிட்டது என்பது என் கணக்கு. “பக்கத்துலயும் ஒரு உணரி வைங்கண்ணா. வரலைன்னா விழுங்கிட்டுதுன்னு அர்த்தமா? வேற பக்கம் போயிருக்கலாமே” என்றாய். மேசையில் இடமில்லை என்றேன். இடம் இருந்தது.

போன வாரம் வைத்துப் பார்த்தோம். முன்னால் பள்ளம் விழுந்த அதே இடத்தில் பக்கவாட்டில் மேடு எழும்பியது. ஏடுகள் சூடேறியதும் சுற்றியிருந்த திரவத்தில் நுண்குமிழிகள் கிளம்பி, ஒளியை நாலாபக்கமும் சிதறடித்திருக்கின்றன. விழுங்கியது கொஞ்சம்தான்.

சாயம் பிணையவில்லை, வெறுமே கலந்து கிடந்தது, அதனால்தான் கண்ணாடி காக்கவில்லை என்று அறிக்கையில் எழுதினேன். பொறுப்பாளர் அதையும் சோதித்துவிட்டார். பிணைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. இதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஐந்தாவது குறிப்பு பற்றி. லேசர் பாதையில் குனிகிறவர் மேசையை இரண்டு முறை தட்ட வேண்டும், நிமிர்ந்ததும் ஒரு முறை. அதற்கு இடைப்பட்ட நேரத்தில் பொத்தானருகே இருப்பவர் லேசரை முழுத்திறனில் திறக்கக் கூடாது. இது அறையின் வழக்கம். அன்று மாப்பிள்ளை நம் சோதனைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தார். நான் திறந்தேன். லென்ஸின் முகத்தில் பட்டுத் திரும்பிய கற்றை அவருடைய வலது கண்ணில் விழுந்தது. தட்டும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை என்று அன்று சொன்னேன். அதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 11

அண்ணாவுக்கு,

சுருக்கம் வந்தது, விரிவும் வந்தது. ஏழாம் எண் நன்றாக இருந்தது என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். தைத்தவளுக்கு அது பன்னிரண்டு வருடமாகத் தெரியும். மன்னிப்பை வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். அதை எடுத்து உபயோகிக்க இன்னும் மனசு வரவில்லை.

அவர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. நீங்கள் வரவில்லை. இரங்கல் கடிதம் அனுப்பினீர்கள். அதிலும் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டு ஓர் அடிக்குறிப்பு. “பாரேன், என்னை வழியனுப்புறப்பக்கூட உங்க அண்ணன் அடிக்குறிப்பு போடுவார்” என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தபிரமை என்று நினைத்து ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீங்கள் குமிழியைப் பற்றி எழுதினீர்கள். நான் என் வீட்டைப் பற்றி எழுதுகிறேன்.

உங்கள் அறிக்கைக்குப் பிறகு அவரை லேசர் அறைக்குள் விடவில்லை. பண்டகசாலையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கையாலேயே லென்ஸ் தாங்கி கடைந்தெடுத்த மனிதர் ஒற்றைக் கண்ணோடு ஆணி எண்ணிக்கொண்டு இருந்தார். அதைக்கூடப் பெரிதாகச் சொல்லமாட்டேன். வீட்டில் அவர் குனியும்போதெல்லாம் இரண்டு தட்டு தட்டத் தொடங்கினார். கீழே விழுந்த கரண்டியை எடுக்க, செருப்பு வார் மாட்ட, கட்டிலுக்கடியில் பெட்டியை இழுக்க, எதற்கும் பக்கத்தில் இருக்கிற மேசையிலோ சுவரிலோ இரண்டு தட்டு. நிமிர்ந்ததும் ஒன்று. “என்ன இது பழக்கம்?” என்று ஒருநாள் அதட்டினேன். “பழக்கமா இல்லையான்னுதான் பாக்குறேன். கை தானா தட்டுதா, நான் நினைச்சுத் தட்டுறேனான்னு” என்றார். அன்றைக்குத் தட்டினாரா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது அண்ணா. நீங்கள் அவ்வளவு உறுதியாகச் சொன்னீர்கள் இல்லையா. அளவில் தப்பே செய்யாத மச்சான் கேட்கவில்லை என்றால் நான்தான் தட்டாமல் இருந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்.

என் மகள், உங்கள் மருமகள், இந்த வருடம் அதே ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. முதல் வாரமே லேசர் பாதுகாப்பு வகுப்பு. வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை.

“அம்மா, அப்பா அன்னிக்குத் தட்டலையா?”

“யாரு சொன்னா?”

“வகுப்புல படம் போட்டாங்க. பேரு போடல, மேசை மட்டும்தான். கீழே ‘தட்டாமல் குனிந்தவர்’னு எழுதியிருந்துச்சு. அந்த மேசையை அப்பாவோட பழைய போட்டோவுல பாத்திருக்கேன்.”

“நீ என்ன பண்ணினே?”

“எல்லாரும் நோட்டுல எழுதினாங்க. நானும் எழுதிக்கிட்டேன்மா.”

என் கேள்வி ஒன்றுதான். அவர் தட்டினாரா, இல்லையா? வரைபடம் எதுவும் அனுப்ப வேண்டாம்.

தங்கை


மார்ச் 19

கரிக்கைக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பண்டகசாலை விஷயம் எனக்குத் தெரியும். அந்த வராந்தா வழியாகப் போகாமல் இருக்க, ஓய்வு பெறும்வரை பின்பக்கப் படியில்தான் ஏறி இறங்கினேன். கரண்டி விஷயம் தெரியாது.

நீ கேட்டதற்கு வருவதற்கு முன் ஒன்றைச் சொல்ல அனுமதி கொடு. வரைபடம் அனுப்பவில்லை. சொற்களில் சொல்கிறேன்.

சோதனைக் கண்ணாடிக்காக உன் மாதிரியைப் பிளாஸ்டிக்கில் கலந்து மெல்லிய படலமாக்கினோம் அல்லவா? அதில் ஒரு துண்டு டப்பாவிலேயே இருந்தது. அதையும் அளந்தோம். பள்ளம் ஏறக்குறைய இல்லை. கெட்டியான பிளாஸ்டிக்கில் குமிழி எப்படிக் கிளம்பும்? குமிழி இல்லையென்றால் சிதறல் இல்லை, காவலும் இல்லை. திரவத்தில் அளந்த எண்ணை எடுத்து, தடிமனுக்கு ஏற்பப் பெருக்கி, ‘படலம் தாங்கும்’ என்று எழுதியவன் நான். படலத்தை முழுத்திறனில் ஒருமுறைகூட அளக்கவில்லை. அளந்தால் அதில் தழும்பு விழும். மதிப்பீட்டுக் குழு வர இரண்டு நாள் இருந்தது. தழும்பு விழுந்த கண்ணாடியை அவர்களிடம் எப்படி நீட்டுவது என்று பயந்தேன்.

மாப்பிள்ளை அதை விரும்பிப் போட்டுக்கொண்டதன் காரணம் உனக்குத் தெரியும். சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டால் பச்சைக் கற்றையே தெரியாது. லென்ஸை நேர்படுத்த முடியாது. நம்முடையதில் மங்கிய பச்சைப் புள்ளி தெரியும். “புள்ளியும் தெரியுது, கண்ணும் பத்திரம். இனிமே உங்க தங்கச்சிக்குக் கோயில்தான் கட்டணும் மச்சான்” என்றார். நான் கொடுத்த எண்ணை நம்பித்தான் அவர் அதை மாட்டிக்கொண்டார். ஆகவே பிழையில் பெரும்பங்கு என்னுடையது. இதை எழுதித்தரத் தயார்.

இப்போது உன் கேள்வி.

அதற்கு நேராகப் பதில் எழுத மூன்று நாளாக முயல்கிறேன். அதற்குப் பதிலாக வேறொன்றைச் சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, மருத்துவரிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளை போன செய்தி வந்த வாரத்திலிருந்து என் அறையில் தட்டும் சத்தம் கேட்கிறது. ஒரு நோட்டில் தேதிவாரியாகக் குறித்துவருகிறேன். இதுவரை நூற்றுப் பதினேழு முறை. கவனித்தவை:

ஒன்று: பெரும்பாலும் பிற்பகலில், நான் மேசையில் உட்கார்ந்து ஏதாவது கணக்குக் கூட்டிக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருக்கும்போது.

இரண்டு: மரத்தில் விரல் மூட்டால் இரண்டு தட்டு. தண்ணீர்க் குழாய், மாடிவீட்டுத் தையல் இயந்திரம், சன்னல் கொக்கி மூன்றையும் சோதித்து விலக்கிவிட்டேன். மேசையை அறையின் மறுகோடிக்கு நகர்த்தினேன். சத்தமும் கூடவே வந்தது.

மூன்று: நிமிர்ந்ததற்கான ஒற்றைத் தட்டு ஒருநாளும் வந்ததில்லை. அன்றும் வரவில்லை, இன்றும் வருவதில்லை. அதற்காகக் காத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழாமலே பல நாள் இருட்டிவிடுகிறது.

வயதானால் காதில் இரைச்சல் வருவது இயல்பு என்று படித்தேன். அப்படியும் இருக்கலாம்.

அண்ணன்


மார்ச் 26

அண்ணா,

உங்கள் கடிதத்தை மகள்தான் முதலில் படித்தாள். பென்சிலால் ஓர் இடத்தில் கோடு போட்டு என்னிடம் கொடுத்தாள்.

‘அன்றும் வரவில்லை.’

இரண்டு தட்டு கேட்காதவர் ஒற்றைத் தட்டுக்கு ஏன் காத்திருக்க வேண்டும்?

நீங்கள் இதைத் தெரிந்து எழுதினீர்களா, தெரியாமல் எழுதினீர்களா என்று நான் யோசிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை சரிபார்க்கிற ஆள் நீங்கள். பள்ளிக்கூட நாட்களில் என் வீட்டுக்கணக்கில் பிழை கண்டுபிடித்துவிட்டு, அதை அம்மாவிடம் சொல்லப் பயந்துகொண்டு, ஏட்டை அவள் கண்ணில் படுகிற இடத்தில் திறந்துவைத்துவிட்டு ஓடிப்போவீர்கள். இதுவும் அப்படித்தான் இருக்கிறது.

கடைசி வாரத்தில் அவர் என்னிடம் கேட்டார், “நான் தட்டினேன்தானே?” என்று.

“தட்டினீங்க” என்றேன்.

“நீ அங்க இல்லையே.”

“இல்லைதான். ஆனா தட்டினீங்க.”

சிரித்தார். “வேதியியல்காரி பேச்சை எந்த விசாரணையில எடுத்துக்குவாங்க?” என்றார். மறுநாள் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தார். அதற்கப்புறம் தட்டவில்லை. நானும் அந்த ஒன்றுக்காகத்தான் காத்துக்கொண்டு இருக்கிறேன். உங்கள் அறைக்கு மட்டும் அது பாக்கி என்று நினைக்காதீர்கள்.

நேரில் இல்லாத நான் சாட்சி சொல்லிவிட்டேன். நேரில் இருந்தவர் நூற்றுப் பதினேழு முறை கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

மகள் லேசர் வேலையை விட்டுவிடப் போகிறேன் என்கிறாள். இப்போது அங்கே தட்டும் வழக்கம் கிடையாது, சிவப்பு விளக்குதான். ஆனால் இவள் வளர்ந்தது தட்டுகிற வீட்டில். குனியும்போது கை தானாகத் தட்டிவிடுகிறது. கூடப் படிக்கிறவர்கள் “உள்ள யாராவது இருக்கீங்களா” என்று கேலி செய்கிறார்கள். அது அவளுக்கு வலிக்கவில்லையாம். “ஒவ்வொரு தடவை தட்டுறப்பவும், அப்பா இதைத்தான் மறந்தாரான்னு தோணுதும்மா. அந்த மேசைகிட்ட என்னால நிக்க முடியல” என்கிறாள்.

ஏப்ரல் எட்டாம் தேதி காலையில் அடுத்த பிரிவுக்கு அதே பாதுகாப்பு வகுப்பு. அதே படம். உதவி செய்ய இவளையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பதாம் தேதி விலகல் கடிதம் கொடுப்பதாக இருக்கிறாள்.

இதற்கு மேல் நான் எழுத ஒன்றும் இல்லை.

தங்கை


ஏப்ரல் 2

கரிக்கைக்கு,

பதில் எழுத உட்கார்ந்தேன். ‘1.’ என்று போட்டேன். அதற்கு எதிரே எதுவும் எழுத வரவில்லை. இந்தத் தாளில் மேல்மூலையில் தெரிகிற எண் அதுதான். அழிக்காமல் அனுப்புகிறேன்.

எட்டாம் தேதி என்று குறித்துக்கொண்டேன்.

அண்ணன்


ஏப்ரல் 9

கரிக்கைக்கு,

நேற்று வகுப்புக்குப் போனேன். நடந்ததை மகள் சொல்லியிருப்பாள். அவள் சொல்வதையே நம்பு. இருந்தாலும் நானும் எழுதிவைக்கிறேன்.

வகுப்பு பத்து மணிக்கு. எட்டரைக்கே போய்விட்டேன். வாசலில் இரண்டு முறை திரும்பிப் போகப் பார்த்தேன். இரண்டாம் முறை பேருந்து நிறுத்தம்வரை போய்விட்டேன். பேருந்து வந்தது, கூட்டமாக இருந்தது. கூட்டம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு ஏறாமல் திரும்பி நடந்தேன். பயந்தவனுக்குச் சில சமயம் பயமே உதவி செய்கிறது.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். யாரோ மாணவியின் தகப்பனார் என்று நினைத்திருப்பார்கள். மருமகள் முன்னால் திரைக்குப் பக்கத்தில் நின்றாள். பதினோரு வயதில் பார்த்தவள். முதலில் அடையாளம் தெரியவில்லை. கீழே விழுந்த கம்பியை எடுக்கக் குனியும்போது மேடை விளிம்பில் அவள் கை இரண்டு முறை தட்டியது. அதிலேயே தெரிந்துவிட்டது.

படம் வந்தது. நம் மேசைதான். என் நாற்காலியின் ஒரு காலும் அதில் விழுந்திருக்கிறது. இத்தனை ஆண்டில் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

“இவர் செஞ்ச தப்பு என்ன?” என்று பாதுகாப்பு அதிகாரி கேட்டார்.

“தட்டல சார்” என்று நான்கைந்து குரல்.

நான் கையைத் தூக்கினேன். பள்ளிப் பிள்ளை மாதிரி, முழங்கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு.

“ஐயா யாரு?”

“படத்துல இருக்குற நாற்காலி என்னோடது. அன்னிக்குத் திறந்தவன் நான்தான்.”

அதிகாரி நல்ல மனிதர். முகம் மாறிவிட்டது. “ஐயா, வகுப்பு முடியட்டும், அப்புறம் என் அறையில உக்காந்து பேசலாமே” என்றார்.

“முடிஞ்சப்புறம்னா நான் பேசாமப் போயிடுவேன் சார். எனக்கு என்னைத் தெரியும். இப்பவே சொல்லிடறேன்.”

யாரோ சிரித்தார்கள். அது எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. சொன்னேன். தாளில் எழுதிக்கொண்டுதான் போயிருந்தேன். மடித்துப் பையில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

“அவர் தட்டினார். ரெண்டு தடவை. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. குழு வர நேரம், நாலு அளவு பாக்கி. கண்ணாடி தாங்கும்னு என் வரைபடம் சொல்லிச்சு. நானே போட்ட வரைபடம். அவர் நிமிர்றவரைக்கும் காத்திருக்காமத் திறந்துட்டேன். விசாரணையில, தட்டினது கேட்டுச்சான்னாங்க. கேட்டுச்சுன்னு சொன்னா, அப்புறம் ஏன் திறந்தேன்னு அடுத்த கேள்வி வரும். அந்த அடுத்த கேள்விக்குப் பயந்து முதல் கேள்விக்குப் பொய் சொன்னேன். கீழே எழுதியிருக்குறதை மாத்திடுங்க.”

அதோடு உட்கார்ந்துவிட்டேன். திரையை அணைக்கலாமா வேண்டாமா என்று அதிகாரி தடுமாறினார். கடைசியில் மருமகள்தான் அணைத்தாள்.

வகுப்பு முடிந்து அதிகாரியின் அறையில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டேன். மாற்றுவதற்கு மேலிடத்தில் கேட்க வேண்டுமாம். அந்தப் படத்தை அதுவரை காட்டமாட்டேன் என்று மட்டும் சொன்னார். கேட்கட்டும். பிரதி ஒன்று இதனுடன் இருக்கிறது. படலத்தை அளக்காமல் எண் எழுதியதும் அதில் இருக்கிறது.

வராந்தாவில் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். கும்பிடப் போனேனா, தோளைத் தொடப் போனேனா, தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை.

“ரெண்டு தடவைன்னு நிச்சயமாத் தெரியுமா மாமா?”

“தெரியும்மா.”

“அப்பாக்குத் தெரியலையே. சாகுறவரைக்கும் தெரியலையே.”

பதில் இருப்பதுபோல் நான் வாயைத் திறந்தது எனக்கே அருவருப்பாக இருந்தது.

பையிலிருந்து நோட்டை எடுத்தாள். முதல் வாரத்துப் பக்கம். ‘தட்டாமல் குனிந்தவர்’ என்று அவள் கையெழுத்தில், உன்னுடையதைப் போலவே சாய்ந்த எழுத்தில் இருந்தது. “நீங்களே அடிங்க” என்றாள். அடித்தேன். “சரியானதை எழுதுங்க.” ‘இரண்டு முறை தட்டினார். அது கேட்டும் திறந்தார்கள்’ என்று எழுதினேன். அவள் படித்துவிட்டு, “திறந்தாங்களா? எத்தனை பேரு?” என்றாள். அதையும் அடித்துவிட்டு ‘கேட்டும் நான் திறந்தேன்’ என்று எழுதினேன். பேனா தாளை விட்டு எழவில்லை. “அடிக்குறிப்பு வேண்டாம் மாமா” என்றாள். அப்படியே மாப்பிள்ளையின் குரல்.

என்னை மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. விலகல் கடிதத்தைப் பற்றிக் கேட்கத் துணிவு இல்லை. ஆனால் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் லேசர் அறைக் கதவைத் திறந்து உள்ளே போய்க்கொண்டிருந்தாள். உள்ளே போய் என்ன செய்தாளோ, தெரியாது. இதை நம்பிக்கையாக எடுத்துக்கொள்ளாதே. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தேன். பிற்பகல் மூன்று பத்துக்கு இரண்டு தட்டு கேட்டது. வழக்கம்போல. ஒப்புக்கொண்டால் நின்றுவிடும் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. நிற்கவில்லை. நோட்டில் குறிக்கவும் இல்லை. அப்படியே உட்கார்ந்து, அந்த நாளை முதலிலிருந்து வரிசையாக நினைத்துப் பார்த்தேன். வகுப்பில் ஓர் இடத்தோடு நிறுத்திவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு ஆண்டாகவே அந்த இடத்தோடுதான் நிறுத்திவருகிறேன். அதற்கு அடுத்ததை உனக்கு எழுதுகிறேன். அதிகாரிக்கும் நாளை எழுதுவேன்.

திறந்ததும் சுவரில் பச்சை ஒளி ஒரு முறை அடித்தது. உடனே மூடிவிட்டேன். அவர் கத்தவில்லை. என்னைத் திட்டவில்லை. மெல்ல நிமிர்ந்தார். சோதனைக் கண்ணாடியைக் கழற்றி, லென்ஸ்கள் மேலே பார்த்திருக்கும்படி, நீ சொல்லிக்கொடுத்த மாதிரி கவனமாக வைத்தார். வலது கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார். பிறகு இடது கையை நீட்டி, தெரியாத இடத்தில் தேடுகிறவர்போல, மேசையின் விளிம்பைத் தடவித் தேடினார்.

மார்ச் 19 அன்று உனக்கு எழுதியதில் மூன்றாவது குறிப்பு தவறு, கரிக்கை. ஒற்றைத் தட்டு அன்று வந்தது.

அண்ணன்